எந்தச் சொல்லுக்கு உழைப்பது? ஒரு மரச்செக்குக் கடையின் தேடுசொல் தேர்வு

போன மாசியில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனின் மரச்செக்குக்குப் போயிருந்தேன். வாகை மரத்தில் இரண்டு செக்கு, மோட்டாரில் ஓடுகிறது. கடலை ஆட்டும் மணம் தெருமுனைக்கே வந்துவிட்டது. வாசல் திண்ணையில் எள் மூட்டையோடு இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். தம்பி கல்லாப் பெட்டிக்குக் கீழிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினான். அவனுக்கு இணையதளம் செய்து கொடுத்தவர்கள் மாதாமாதம் அனுப்பும் அறிக்கை. முதல் பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒரு வரி: கூகுளில் முதல் இடம். எந்தச் சொல்லுக்கு என்று பார்த்தேன். 'காங்கேயம் பாரம்பரிய வாகை மரச்செக்கு தூய எண்ணெய் உற்பத்தியாளர்.'

"முதல் இடத்தில்தானே இருக்கிறோம் அண்ணா? அப்புறம் ஏன் தளத்தைப் பார்த்துவிட்டு ஒருவர்கூடக் கூப்பிடுவதில்லை?"

அறிக்கை பொய் இல்லை. அந்தத் தொடரைத் தட்டினால் அவன் தளம்தான் முதலில் வருகிறது. ஆனால் எண்ணெய் வாங்க நினைக்கும் எவரும் அப்படி ஒரு தொடரைத் தட்டப் போவதில்லை. வேறு யாரும் ஓடாத பந்தயத்தில் வென்றதற்குத் தம்பி மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தான். செக்கடியில் நின்று சம்பாதிக்கும் காசு அது. எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டு நாள் அங்கேயே தங்கி, அவன் தளம் எந்தெந்தச் சொற்களுக்கு உழைக்க வேண்டும் என்று முதலிலிருந்து முடிவு செய்தோம். மக்கள் கூகுளில் தட்டித் தேடும் சொல்லைக் கீவேர்ட் என்று தொழிலில் சொல்கிறார்கள். நான் தேடுசொல் என்கிறேன். எங்கள் முன் இருந்த வழிகள் எவை, எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய சொல்லா, சின்னச் சொல்லா?

தம்பியின் முதல் ஆசை 'நல்லெண்ணெய்' என்ற ஒற்றைச் சொல்லுக்கே முதல் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்பது. ஆசையில் தவறில்லை. ஆனால் நல்லெண்ணெய் என்று தட்டுபவர் யார்? ஒருவர் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைப் பற்றிப் படிக்க வந்திருப்பார். இன்னொருவர் வாய் கொப்பளிக்கலாமா என்று பார்க்க வந்திருப்பார். விளக்கு ஏற்ற எந்த எண்ணெய் என்று யோசிப்பவர் ஒருவர், பள்ளிக் கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கும் மாணவர் ஒருவர். வாங்க வந்தவர் இந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் நிற்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சொல்லை நீங்களே கூகுளில் தட்டி, வரும் முதல் பக்கத்தைப் பொறுமையாகப் பாருங்கள். கட்டுரைகளும் விக்கிப்பீடியாவும் நாளிதழ்களின் மருத்துவப் பகுதிகளும் நிறைந்திருந்தால், அந்தச் சொல்லைத் தட்டுபவருக்கு வேண்டியது படிப்புதான் என்று கூகுள் முடிவு கட்டிவிட்டது. அங்கே ஒரு கடைப் பக்கம் நுழைவது மிகக் கடினம். பெரிய விற்பனைத் தளங்கள் வரிசையாக நின்றால், வாங்குபவர்கள் வருகிறார்கள், ஆனால் மோத வேண்டியது யானையோடு. வரைபடமும் அதன்கீழ் மூன்று கடைகளின் பெயர்களும் வந்தால், அந்தச் சொல்லுக்கான வேலை தளத்தைவிட வரைபடப் பதிவில்தான் அதிகம் இருக்கிறது. எந்தக் கட்டணக் கருவியையும் தொடுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யாதவர்களை நம்பி வேலை கொடுக்காதீர்கள்.

அடுத்ததாக ஒரு நடுத்தர வகை: 'நல்லெண்ணெய் பயன்கள்', 'செக்கு எண்ணெய் நன்மைகள்'. எண்ணெய் விற்கும் தளங்கள் பலவும் இதைத்தான் எழுதித் தள்ளுகின்றன. நான் வேண்டாம் என்றேன். காரணம் இரண்டு. இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தேடல் பக்கத்தின் தலையிலேயே பதிலைக் கூகுள் எடுத்துக் காட்டிவிடுகிறது. படித்தவர் அங்கேயே திரும்பிவிடுவார். அதோடு, உடல்நலம் சார்ந்த பக்கங்களை எழுதியவர் யார், நம்பத்தக்கவரா என்று கூகுள் மற்ற பொருள்களைவிடக் கூடுதலாகப் பார்க்கிறது. இதயத்துக்கு நல்லது, மூட்டு வலிக்கு நல்லது என்று ஒரு செக்குக்காரர் எழுதுவதில் அறமும் இல்லை, பலனும் இல்லை.

மிஞ்சியது சின்னச் சொற்கள். தொழிலில் இவற்றை நீண்ட வால் என்ற பொருளில் லாங் டெயில் என்பார்கள். 'கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய்', 'மரச்செக்கு கடலை எண்ணெய் 5 லிட்டர் விலை', 'செக்கு எண்ணெய் பொங்குவது ஏன்' போன்றவை. ஒவ்வொன்றையும் தேடுபவர்கள் மிகக் குறைவு. சிலவற்றுக்குக் கருவிகள் பூஜ்யம் என்றே காட்டும். அந்தப் பூஜ்யத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். தினமும் தன்னிடம் வரும் தேடல்களில் ஏறக்குறைய 15 சதவீதம் இதுவரை ஒருமுறைகூட வராதவை என்று கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. மனிதர்கள் அவரவர் வாய்க்கு வந்தபடி கேட்கிறார்கள். ஒரு கேள்விக்கு நேர்மையாக, முழுமையாகப் பதில் சொல்லும் பக்கம், அதே கேள்வியைப் பல விதமாகக் கேட்பவர்களுக்கும் போய்ச் சேர்கிறது.

கடையில் நின்றபோது இது கண்முன்னே நடந்தது. நடுத்தர வயது அம்மா ஒருவர் காலி பாட்டிலோடு வந்தார். "போன முறை வாங்கியதில் அடியில் கசண்டு நின்றதே தம்பி, கலப்படம் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். தம்பி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய், வெயிலில் தெளிய வைத்திருந்த பாத்திரத்தைக் காட்டினான். ஆட்டிய எண்ணெயை வேதிப்பொருள் போட்டுச் சுத்திகரிப்பதில்லை, தெளிய வைத்து வடிகட்டுவதோடு சரி, அதனால் கொஞ்சம் கசண்டு நிற்பது இயல்பு என்று விளக்கினான். அந்த அம்மா இரண்டு லிட்டர் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். நான் பையிலிருந்த நோட்டில் எழுதினேன்: 'செக்கு எண்ணெயில் கசண்டு இருப்பது ஏன்?' அன்றைக்குக் கிடைத்த சொற்களில் மிகச் சிறந்தது அதுதான்.

விலையும் அப்படித்தான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ அளவுக்குப் பருப்பு போகிறது. பருப்பு விலையைத் தெரிந்தவருக்கு எண்ணெய் விலை புரிந்துவிடும். தெரியாதவர் 'செக்கு எண்ணெய் விலை ஏன் அதிகம்' என்று தட்டுவார். அவர் வாங்கலாமா வேண்டாமா என்ற வாசற்படியில் நிற்பவர். அவருக்குக் கணக்கைத் திறந்து காட்டும் ஒரு பக்கம், நன்மைகளைப் பட்டியலிடும் பத்துப் பக்கங்களைவிட அதிகம் விற்கும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த எழுத்தில்?

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். தமிழ் வாடிக்கையாளரைத் தேடும் தளத்துக்கு மூன்று வழி: ஆங்கிலச் சொற்கள், ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழ்ச் சொற்கள், தமிழ் எழுத்து.

ஆங்கிலத்தில் இரண்டு தொடர்கள் புழக்கத்தில் இருக்கின்றன: கோல்டு பிரஸ்டு, வுட் பிரஸ்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பலர் கலந்து எழுதுகிறார்கள். கோல்டு பிரஸ்டு என்பது சூடேற்றாமல் பிழிந்தது என்பதை மட்டும் சொல்கிறது. இரும்பு எந்திரத்தில் பிழிந்ததையும் அப்படி விற்கலாம். மரச்செக்கைக் குறிப்பது வுட் பிரஸ்டுதான். முதல் தொடருக்குக் கூட்டம் அதிகம், ஆனால் அமேசானும் பிக் பாஸ்கெட்டும் பெரிய நிறுவனங்களும் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவது குறுகலானது, தம்பியின் சரக்குக்கு உண்மையானதும் அதுவே. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூரியரில் வாங்குபவர்கள் ஆங்கிலத்தில் தேட வாய்ப்பு இருக்கிறது என்பதால், எண்ணெய்க்கு ஒன்றாக மூன்று விற்பனைப் பக்கங்களுக்கு வுட் பிரஸ்டு என்பதை எடுத்துக்கொண்டோம்.

ஆங்கில எழுத்தில் தமிழ் என்பது இன்னொரு உலகம். செக்கு எண்ணெய் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'செ' என்பதற்கு சி, எச் போடுபவர் உண்டு. எஸ் போடுபவரும் உண்டு. நடுவில் கே ஒன்றா, இரண்டா? எண்ணெய்க்கு என் ஒன்றா, இரண்டா? முடிவில் ஏ ஐ, ஈ ஐ, ஈ ஒய் என மூன்று வழக்கம். பெருக்கிப் பாருங்கள், 24 வடிவம் வருகிறது. முன்னால் 'மர' என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று பார்த்தால் 48. இத்தனைக்கும் இது இரண்டே இரண்டு தமிழ்ச் சொல்.

இந்த 48 வடிவத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பரவலான எழுத்து வேறுபாடுகளைக் கூகுள் பெரும்பாலும் தானே ஒன்றாகப் பார்க்கிறது. ஒரே செய்தியை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினால் உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நாங்கள் செய்தது எளியது. தம்பியின் வாட்ஸ்அப்பைத் திறந்து, வாடிக்கையாளர்கள் ஆர்டர் கேட்டு அனுப்பிய பழைய செய்திகளைப் படித்தோம். அவர்கள் கைப்பட அடித்த எழுத்து அது. அதில் எந்த எழுத்துக்கூட்டல் அதிகம் வந்ததோ அந்த ஒன்றை எடுத்து, ஆங்கிலப் பக்கத்தின் தலைப்பில் வுட் பிரஸ்டுக்குப் பக்கத்தில் ஒருமுறை வைத்தோம். அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்துத் தமிழுக்கு இன்னும் ஓர் இடம் உண்டு: பக்கத்தின் முகவரி. மரச்செக்கு என்பதைத் தமிழிலேயே முகவரியில் வைத்தால் திரையில் அழகாகத் தெரியும். ஆனால் அதை நகல் எடுத்து யாருக்காவது அனுப்பும்போது, ஒவ்வொரு எழுத்துக்குறியும் சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒன்பது குறிகளாக விரிந்துவிடும். மெய்ப்புள்ளி, கொம்பு, உகரக் குறி எல்லாம் தனித்தனிக் கணக்கு. மரச்செக்கு என்ற ஒரே சொல் 90 குறி நீளத்துக்குப் போகிறது. வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு முகவரி வந்தால் ஏதோ மோசடி என்று நினைத்து மக்கள் தொட மாட்டார்கள். முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக இருக்கட்டும்.

இனி தமிழ் எழுத்து. 'தமிழில் யார் தட்டுகிறார்கள்' என்று தளம் செய்து கொடுத்த நிறுவனத்தார் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள். என் சித்தியைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போனில் எதையும் தட்டுவதே இல்லை. மைக் படத்தை அழுத்தி, "பனங்கருப்பட்டி ஒரு கிலோ என்ன விலை" என்று கேட்கிறார். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைக் குரல் தேடலில் சேர்த்தது. பேசியது தமிழ் எழுத்தாகவே தேடல் பெட்டிக்குள் போகிறது, பெரும்பாலும் சரியான எழுத்துக்கூட்டலோடு. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகைகளும் இன்று சாதாரணம். 2018 பிப்ரவரியிலிருந்து கூகுளின் விளம்பரச் சேவை தமிழையும் ஏற்கிறது. எண்ணெய் வாங்கும் முடிவை வீட்டில் எடுப்பவர் பெரும்பாலும் என் சித்தியைப் போன்றவர். அவருடைய வாயிலிருந்து வரும் வாக்கியத்துக்குப் பதில் சொல்லும் தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு. சின்னக் கடைக்கு இதைவிடத் திறந்த வாசல் வேறு இல்லை.

தமிழ் எழுத்துக்கு அதற்கே உரிய சிக்கல்களும் உண்டு. மரச்செக்கு, மரசெக்கு, மரச் செக்கு என மூன்று விதமாக எழுதுகிறார்கள். எண்ணெய் பலருக்கு எண்ணை ஆகிவிட்டது. அதோடு நம் மொழியில் சொல் தனியாக நிற்பதில்லை. எண்ணெயை, எண்ணெயில், எண்ணெய்க்கு என்று வேற்றுமை உருபை ஏற்றுக்கொண்டே நடக்கிறது. ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை மாற்றத்தைக் கூகுள் கையாளும் அளவுக்குத் தமிழில் இந்த மாற்றங்களைக் கையாள்வதாக எனக்குத் தோன்றவில்லை. உருபு மாறினால் முடிவுகளின் வரிசையும் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே பக்கத்தின் தலைப்பிலும் முதல் துணைத்தலைப்பிலும் சொல்லை உருபு ஏற்றாமல், மக்கள் தட்டும் வடிவத்திலேயே வைத்தோம். உள்ளே தமிழ் தன் இயல்பில் ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். பிழையான வடிவங்களை வேண்டுமென்றே எழுதுவதில்லை என்றும் முடிவு செய்தோம். எண்ணை என்று தட்டினாலும் எண்ணெய் என்று எழுதிய பக்கங்கள் வரத்தான் செய்கின்றன. கொஞ்சம் இழப்பு இருந்தாலும் இருக்கட்டும். கடைப் பலகையில் தமிழைப் பிழையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்கு ஊர் மாறும் சொல்லையும் மறக்கக் கூடாது. நிலக்கடலை, வேர்க்கடலை இரண்டும் பொதுவாகப் புழங்குகின்றன. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை, மணிலா. இலங்கைத் தமிழருக்கு அது கச்சான். அங்கே கடலை என்றால் நாம் சொல்லும் கொண்டைக்கடலை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஈழத்தமிழருக்கு அனுப்பும் திட்டம் இருந்தால் 'கச்சான் எண்ணெய்' என்று ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். தம்பிக்கு அந்தத் திட்டம் இப்போது இல்லை என்பதால் விட்டோம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் தளத்தில் எண்ணெய் பற்றிய விவரம் முழுவதும் படமாக இருந்தது. அச்சகத்தில் துண்டறிக்கைக்காகப் பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே படமாக்கி ஏற்றியிருந்தார்கள். கண்ணுக்குத் தமிழ்தான், ஆனால் தேடுபொறிக்கு அந்தப் பக்கத்தில் படிக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து என்ன, அது யூனிகோடு எழுத்தாகப் பக்கத்தில் இல்லாவிட்டால்? அன்றிரவே உட்கார்ந்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தேன்.

யார் சொல்வதை நம்புவது?

தேடுசொல் தேட இலவசமாகவும் கட்டணத்துக்கும் ஏராளமான கருவிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சமமாகப் பார்க்கத் தேவையில்லை.

கூகுளின் கீவேர்ட் பிளானர் இலவசம். கூகுள் விளம்பரக் கணக்கு ஒன்று வேண்டும். தமிழ்ச் சொற்களைப் போட்டு, இடத்தைத் தமிழ்நாடு என்று வைத்துப் பார்க்கலாம். ஆனால் விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காத கணக்குக்கு, மாதத்துக்கு எத்தனை தேடல் என்ற துல்லியமான எண் கிடைப்பதில்லை. 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான வரம்புதான் தெரியும். நெருங்கிய வடிவங்களை ஒன்றாகச் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் காட்டிவிடுவதும் உண்டு. இதைவிட முக்கியமானது 'போட்டி' என்ற பத்தி. அது விளம்பரதாரர்களுக்கு இடையே உள்ள போட்டி. விளம்பரம் இல்லாமல் முதல் பக்கத்துக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்லவே இல்லை. தம்பிக்கு வந்த அறிக்கையில் 'போட்டி குறைவு, நல்ல வாய்ப்பு' என்று எழுதியிருந்தது இந்தப் பத்தியைப் பார்த்துத்தான். தெரியாமல் எழுதினார்களா, தெரிந்தே எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே மன்னிக்கத்தக்கதல்ல.

கூகுள் டிரெண்ட்ஸ் எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்லாது. ஒரு சொல்லின் உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற நாள்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டும். அதனால் ஒரு சொல்லுக்கு எவ்வளவு கூட்டம் என்று அறிய அங்கே போவதில் பயனில்லை. இரண்டு சொல்லில் எது என்று திண்டாடும்போது அது உதவும். ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். நிலக்கடலையா வேர்க்கடலையா என்ற எங்கள் வழக்கைத் தமிழ்நாடு என்று வடிகட்டி அங்கேதான் தீர்த்துக்கொண்டோம். தீபாவளிக்கு முன் எந்த வாரத்திலிருந்து நல்லெண்ணெய்த் தேடல் ஏறுகிறது என்பதைப் பார்க்கவும் அதுதான் இடம். யூடியூப் தேடலை மட்டும் தனியாகப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. சமையலோடு தொடர்புள்ள தொழில்காரர்கள் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. மிகச் சிறிய சொற்களுக்கு மட்டும் போதிய தரவு இல்லை என்று கையை விரித்துவிடும்.

ஏரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கட்டணக் கருவிகளின் முழு வசதியுள்ள சந்தா மாதத்துக்கு 100 டாலரைத் தாண்டுகிறது. ஆங்கிலத்தில், பல நாடுகளில் விற்கும் நிறுவனத்துக்கு அது தகும். தமிழுக்கு அவற்றின் சேகரிப்பு மெலிந்தது. சொல்லின் கடினத்தைக் காட்டும் மதிப்பெண்ணை ஏரெஃப்ஸ் எப்படிக் கணக்கிடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: முதல் பத்து இடங்களில் இருக்கும் பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதே அதன் அடிப்படை. தமிழில் ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுக்கும் வழக்கம் குறைவு. ஆகவே எல்லாச் சொல்லும் எளிது என்றே அது காட்டும். ஒரு செக்குக் கடை அந்தப் பணத்துக்கு எள் வாங்கிப் போடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, தட்டத் தட்டக் கூகுள் கீழே காட்டும் பரிந்துரைகள். உலாவியில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் பழைய தேடல்கள் கலந்துவிடும். 'செக்கு எண்ணெய்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அ, ஆ, இ என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். 'வி' போட்டவுடன் விலை சார்ந்தவை, 'எ' போட்டவுடன் எப்படி, எங்கே, எத்தனை நாள் என்ற கேள்விகள். மனிதர்கள் உண்மையிலேயே கேட்டவற்றிலிருந்து வருபவை அவை. எத்தனை பேர் என்பது தெரியாது, ஆனால் சொற்களின் உருவம் அச்சு அசலாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேரத்தில் நோட்டில் மூன்று பக்கம் நிறைந்துவிட்டது.

கடைசியாக, தளம் வைத்திருக்கும் எவரும் தவறவிடக் கூடாத ஒன்று: கூகுள் சர்ச் கன்சோல். மற்ற கருவிகள் எல்லாம் ஊர்ப் பேச்சு என்றால், இது உங்கள் கடையின் சொந்தப் பேரேடு. எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை, எந்த இடத்தில், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று 16 மாதத்துக்குச் சேர்த்து வைக்கிறது. மிக அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடும் என்பது ஒரு குறை. புதுத் தளத்துக்கு அதில் ஒன்றும் இருக்காது என்பது இன்னொரு குறை. தம்பியின் தளத்தை அதில் இணைக்கவே இல்லை. மாதாமாதம் அறிக்கை அனுப்பியவர்கள், இலவசமாகக் கிடைக்கும் உண்மையான கணக்கை அவன் கண்ணில் காட்டவில்லை. அன்றைக்குத்தான் இணைத்தோம்.

ஆக, கடை நோட்டும் வாட்ஸ்அப்பும் முதலில், பரிந்துரைகள் அடுத்து, இழுபறி வந்தால் டிரெண்ட்ஸ். பிளானரை ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. சர்ச் கன்சோலுக்காக ஆடி வரை காத்திருப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அகற்றியவை

சேர்த்ததைவிட அகற்றியதில்தான் அதிக வேலை. தளத்தில் 38 மாவட்டத்துக்கும் 38 பக்கம் இருந்தது. 'ஈரோடு மரச்செக்கு எண்ணெய்', 'தேனி மரச்செக்கு எண்ணெய்' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே உரை. தேனியில் அவனுக்குக் கடை இல்லை, ஆள் இல்லை. இப்படிப்பட்ட பக்கங்களைக் கூகுளின் விதிகள் வாசல் பக்கங்கள் என்று சொல்லி, ஸ்பேம் என்னும் குப்பை வகையில் சேர்க்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எந்தெந்த ஊருக்குக் கூரியர் எத்தனை நாளில் போகும், செலவு எவ்வளவு என்று சொல்லும் ஒரே பக்கத்தை வைத்தோம். பக்கங்களின் மறைவான பகுதியில் கீவேர்ட் என்று ஒரு பட்டியலையும் திணித்திருந்தார்கள். அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது.

'பக்கத்தில் மரச்செக்கு எங்கே' என்று தேடுபவருக்கு வரைபடம்தான் பதில் சொல்லும். ஆகவே அந்த வகைச் சொற்களுக்குத் தளத்தில் பக்கம் எழுதவில்லை. வரைபடத்தில் கடையைக் காட்டும் பதிவான கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையின் உண்மையான பெயர், நேரம், செக்கு ஓடும்போது எடுத்த படங்கள் ஆகியவற்றை ஏற்றினோம். பெயரோடு 'சிறந்த தூய எண்ணெய்' என்று சேர்க்கலாமா என்று தம்பி கேட்டான். பலகையில் இல்லாத சொல்லைப் பெயரில் சேர்ப்பது அவர்கள் விதிக்கு விரோதம் என்று தடுத்துவிட்டேன்.

தளத்தில் மிஞ்சியது மொத்தம் ஒன்பது பக்கம். முகப்பு ஒன்று, ஆங்கிலத்தில் விற்பனைப் பக்கம் மூன்று, கூரியர் பக்கம் ஒன்று. மீதி நான்கும் தமிழில், ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு: கசண்டு, பொங்குதல், விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும்.

ஆடி கடைசியில் மறுபடி போனேன். சர்ச் கன்சோலைத் திறந்தோம். கசண்டுக் கேள்விக்கும் விலைக் கேள்விக்கும் ஆள்கள் வந்திருந்தார்கள். வந்தவர்களில் சிலர் போன் செய்திருந்ததைத் தம்பியே சொன்னான். ஆனால் பட்டியலில் இன்னும் கீழே, நாங்கள் எழுதவே இல்லாத ஒரு சொல் பல வடிவங்களில் நின்றது. 'எள் கொடுத்து எண்ணெய் ஆட்டும் இடம்', 'கூலிக்கு கடலை ஆட்டுவது எவ்வளவு', 'சொந்த தேங்காய் எண்ணெய் ஆட்ட'. கூகுள் வேறு வழியில்லாமல் விலைப் பக்கத்தை இரண்டாம் பக்கத்தில் எங்கோ காட்டியிருந்தது. சொடுக்கியவர் ஒருவரும் இல்லை.

"இதை எதற்கு அண்ணா எழுத வேண்டும்? இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதானே," என்றான் தம்பி. திண்ணையைப் பார்த்தேன். அன்றைக்கும் மூட்டையோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாசியில் இதே திண்ணையைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அவர்களைக் கண்டும், நோட்டை அவர்கள் பக்கம் திருப்பத் தோன்றவில்லை.

இந்த முறை அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதன்முதலில் வந்தபோது தம்பியிடம் என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தேன். குறைந்தது எத்தனை கிலோ கொண்டுவர வேண்டும், காயவைத்துக் கொண்டுவர வேண்டுமா, கருப்பட்டி நாமே கொண்டுவர வேண்டுமா, எங்கள் எள்ளை வேறொருவர் எள்ளோடு கலந்துவிட மாட்டீர்களே, காத்திருந்து வாங்கிப் போகலாமா, புண்ணாக்கு யாருக்கு. பத்தாவது பக்கத்தை அன்று மாலையே இந்த வரிசையிலேயே எழுதி ஏற்றினோம். புண்ணாக்கு கொண்டுவந்தவருக்கே என்று முதல் பத்தியில் போடச் சொன்னார் அவர்களில் மூத்தவர், அப்படியே போட்டோம்.